முப்பத்தையாயிரம் அடியில் ஒரு குறட்டை

விமானம் அலகல்ல மலையில் மோதியபோது வடிவம்மா மடியில் கைப்பையுடன் நேராக உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பைக் கதிரையோடு சேர்த்து இடுப்பில் கட்டியிருந்தாள். அதுதான் சீட் பெல்ட்.

திரை கறுத்தது. வெளியே அக்குறணை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சு அத்தை."

"சென்னைக்குன்னு சொன்னீங்க."

"சென்னைக்குத்தான்."

"கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல ஏறினோம். அலகல்லையில விழுந்திருக்கோம். இன்னும் கொஞ்சம் வந்திருந்தா கட்டுகஸ்தோட்டை. விழுறதுதான் விழுந்தோம், வீட்டு வாசல்ல விழுந்திருக்கலாம்."

கணினியின் முன்னால் இருந்த மருமகன் மோகனராஜ் கைப்பிடியைத் தள்ளிவைத்தான். வடிவம்மா முடிச்சை அவிழ்த்து எழுந்தாள்.

"இதுலதான் என்னைய அனுப்பப் போறீங்களா?"

வடிவம்மாவின் இளைய மகளுக்கு டொராண்டோவில் அடுத்த மாதம் பிரசவம். விசா வந்துவிட்டது. டிக்கட் வந்துவிட்டது. துபாயில் மாறி ஏற வேண்டும். எல்லாம் சரியான பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை, இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாள்.

"நான் போகல. எனக்குப் பிளேன்னா பயம்."

மோகனராஜ் மாநகரசபையில் எழுதுவினைஞன். வயது முப்பத்திரண்டு. மனைவி கஜலட்சுமி இறந்து பதினொரு மாதம். டெங்கு, நான்கு நாள். அதன்பிறகு அவன் வேலைக்குப் போனான், வந்தான், முன்னறைக் கதிரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அழவில்லை. குடிக்கவில்லை. ஒருவரோடும் சண்டையில்லை. "சாப்பாடு வைக்கவா?" என்றால் "ம்." "போதுமா?" என்றால் "ம்." மகளின் காரியத்துக்கு வந்த வடிவம்மா திரும்பிப் போகவில்லை. அந்த "ம்"களை வைத்துக்கொண்டே பதினொரு மாதம் வீடு நடத்தினாள்.

அன்றைக்கு மட்டும் "ம்" போதவில்லை.

"பயமா? ஏன் அத்தை?"

"யாரு ஓட்டுறாங்கன்னு தெரியாம எப்படி ஏறுறது? பஸ்ஸுன்னா டிரைவர் மூஞ்சியப் பார்த்து ஏறலாம்."

"மேல போனப்புறம் டிரைவர் ஓட்டுறதில்ல. ஓட்டோபைலட்தான் ஓட்டும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"மெஷினா?" வடிவம்மா அடுப்பை அணைத்தாள். "டிக்கட்டைத் திருப்பிக் குடுத்திருங்க."

அவள் ஊர் வத்தேகம. புருஷன் சின்ன வயதில் போய்விட்டான். தையல் மெஷின் வைத்துத்தான் இரண்டு பெண்களையும் படிக்கவைத்தாள் என்று கல்யாணப் பேச்சின்போது கம்பளையில் மோகனராஜின் வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. வத்தேகமயை விட்டால் கண்டி, கண்டியை விட்டால் கதிர்காமம். அப்படிப்பட்ட மனுஷிக்கு விமானம் பயம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒருத்தி தனியாகப் பிள்ளை பெறப் போகிறாள். அவளுக்கு இனி அக்காவும் இல்லை. அம்மாவாவது போய்ச் சேர வேண்டும்.

அறை மூலையில் கணினி இருந்தது. கட்டில் விரிப்பால் மூடி. அதன் பக்கத்தில், விமானத்தை இயக்கும் கைப்பிடி. முதலாவது கல்யாண நாளுக்குக் கஜலட்சுமி வாங்கிக் கொடுத்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு விரிப்பை எடுத்தான். தூசு பறந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

கணினியில் இருந்த பழைய விமான விளையாட்டில் ஓட்டோபைலட் என்பது ஒரே ஒரு பட்டன். அமத்தினான். விமானம் நேராகப் போனது.

"பாருங்க அத்தை. அவ்வளவுதான்."

"நெசப் பிளேன்லயும் ஒரு பட்டன்தானா?"

அவனுக்குப் பொய் வராது. "இல்ல. இது சும்மா விளையாட்டுக்கு."

"அப்போ நெசத்தைக் காட்டுங்க. பொம்மையைக் காட்டி ஏமாத்தாதீங்க."

கீழ்வீட்டு ஹபீல் அக்குறணையில் கணினிக் கடை வைத்திருந்தான். வீட்டுச் சொந்தக்காரி ஜெஸீமா உம்மாவின் மகன். ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கணினியில் ஏற்றினான்.

"மோகன் நானா, இது சாமான் வேற. நெசத்துல எந்த பட்டன் எப்பிடியோ, இதுலயும் அப்பிடித்தான். பிழையா அமத்தினா பிழையாத்தான் பறக்கும்."

சரியாகச் சொன்னான். பிழையாகப் பறந்து அலகல்லையில் மோதியது.

மோகனராஜ் ஹபீலைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"தெச எத்தினையில விட்டீங்க நானா?"

"எண்பதுல இருந்துச்சு. நான் தொடல."

"ஒசரம்?"

"ரெண்டாயிரம் அடி. அதையும் தொடல."

"எண்பதுல ரெண்டாயிரம் அடியில வந்தா மலதானே வரும்? அது மேல பிழையில்ல. இருந்ததைச் செஞ்சிருக்கு."

வடிவம்மா காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

"கொடுத்ததைத்தான் செய்யுமாம் அத்தை. கொடுத்தது யாரு, எதுக்குக் கொடுத்தாங்கன்னு அதுக்குத் தெரியாதாம்."

"நல்ல பிள்ளையா இருக்கே," என்றாள் வடிவம்மா. "ஆனா நான் ஏறல."

திங்கட்கிழமை மாலை மறுபடி ஏறினார்கள். கைப்பை, தலைப்பு முடிச்சு, எல்லாம் முறைப்படி. இந்தமுறை திசையைச் சரியாக வைத்தான். நிமிடத்துக்கு நாலாயிரம் அடி ஏறச் சொல்லிச் சின்னச் சக்கரத்தை உருட்டினான். கடல் கீழே போயிற்று. ஓட்டோபைலட்டை அமத்திவிட்டுக் கையை எடுத்தான்.

திரையில், விமானி பிடிக்கும் சுக்கான் தானாக அசைந்தது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். காற்று இடமிருந்து தள்ளியது. சுக்கான் ஒரு நூலளவு இடப்பக்கம் சாய்ந்து, பிறகு அந்தச் சாய்வையும் மெல்லத் திருத்திக்கொண்டது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி ஒரு நிதானம். யாரும் இல்லாத இடத்தில் யாரோ இருந்தார்கள்.

"தம்பி," என்றாள் வடிவம்மா. "இது ஏன் மல்லாக்கப் போகுது?"

மூக்கு உயர்ந்துகொண்டே போனது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஏறச் சொன்னவன் இயந்திரத்துக்கு வேகம் சொல்ல மறந்திருந்தான். அது சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் மூக்கை உயர்த்தியது. இன்னும் கொஞ்சம். கடைசி மூச்சுவரை ஏறுவதற்கு முயன்றுவிட்டு, நீர்கொழும்புக் கடலில் வாலோடு விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். வடிவம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"எதுக்கு அத்தை?"

"தண்ணில விழுந்தா செருப்போட வெளிய போகக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. உங்க மெஷினப் பத்திப் பேசுங்க."

ஹபீல் கையேட்டை அச்சிட்டுக் கொடுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மோகனராஜ் அதைக் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றபடி வாசித்தான். அலுவலகத்தில் தண்ணீர் வரிக் கோப்புக்குள் வைத்து வாசித்தான். இரவுச் சாப்பாட்டில் ரொட்டித் தட்டைக் கையில் பிடித்து விளக்கினான்.

"இதுதான் பிளேன் அத்தை. காத்து இங்கேருந்து அடிக்குது. மூக்கு ஒரு பக்கம், போக்கு இன்னொரு பக்கம். நண்டு மாதிரி. ஆனா நேரா போற கோட்டைவிட்டு ஒரு அடி விலகாது. கோணலா நின்னுக்கிட்டே நேரா போகும். யோசிச்சுப் பாருங்க!"

"சாப்பிட்டுக்கிட்டே யோசிங்க. ரொட்டி ஆறுது."

"பயப்பட ஒண்ணுமே இல்ல. ஒரு மெஷின் இல்ல, மூணு மெஷின் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கும். அதுக்கு மேல ரெண்டு பைலட். அவங்க ரெண்டு பேருக்கும் வேற வேற சாப்பாடுதான் குடுப்பாங்க."

"ஏன்?"

"ஒரு சாப்பாடு கெட்டுப்போய் ஒருத்தர் விழுந்தாலும் மத்தவர்..."

நிறுத்திக்கொண்டான். நேரம் கடந்துவிட்டது.

வடிவம்மா கையில் எடுத்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "எனக்கு எந்தச் சாப்பாடு குடுப்பாங்க? விழுந்தவர் சாப்பாடா, விழாதவர் சாப்பாடா?"

வியாழக்கிழமை ஜெஸீமா உம்மாவும் மேலே வந்தார். வடிவம்மாவுக்கு அவரைக் கனகாலமாகத் தெரியும். முன்பு அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த பழக்கமாம். அந்தப் பழக்கத்தில்தான் கல்யாணமான புதிதில் இந்த மேல்வீடே கிடைத்தது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்கள். ஜெஸீமா உம்மா ஒரு டப்பா மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்திருந்தார்.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது.

"யல்லா, யல்லா," என்றாள் வடிவம்மா.

மோகனராஜ் திரும்பினான். ஜெஸீமா உம்மா சட்டென்று முந்தானைக்குள் தும்மினார். கீழ்வீட்டு அரபுப் பேச்சு தொற்றிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்றைய பயணம் அருமையாகப் போனது. வேகம் சொல்லியிருந்தான். உயரம் முப்பத்தையாயிரம் சொல்லியிருந்தான். அந்த எண்ணுக்கு ஆயிரம் அடி இருக்கும்போதே விமானம் ஏற்றத்தைத் தணித்து, ஒரு துளி சிந்தாமல் கிண்ணத்தை மேசையில் வைப்பதுபோல அந்த உயரத்தில் போய் அமர்ந்தது. மன்னார் போயிற்று. பாக்கு நீரிணை போயிற்று. அவன் ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிப் பேசினான். தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினான்.

"தம்பி," என்றாள் வடிவம்மா. "எனக்கு இன்னும் காது அடைக்கல."

"அதனால?"

"எறங்கறதுன்னா காது அடைக்கணுமாமே. இப்போ எறங்க ஆரம்பிச்சிருக்கணும் இல்லையா?"

வரைபடத்தைப் பார்த்தான். சென்னை பின்னால் போய்விட்டது. இறங்க வேண்டிய உயரத்தை அவன் கொடுக்கவே இல்லை. விமானம் முப்பத்தையாயிரம் அடியில், யாரையும் குறைசொல்லாமல், ஆந்திராவுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"எனத்த மகன், அப்பிடியே காசிக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் ஜெஸீமா உம்மா.

அன்று இரவு வடிவம்மா பின்வாசலில் நின்று டொராண்டோவோடு பேசுவது அவன் காதில் விழுந்தது. "இல்லம்மா... இன்னும் சரியா வரல... முன்னைக்கு இப்போ பரவால்ல. இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன். இல்லைன்னா டிக்கட்டை விட்டுரு."

ஒரு வாரம். டிக்கட் அடுத்த சனிக்கிழமைக்கு.

அவன் வெள்ளிக்கிழமை அரைநாள் விடுமுறை போட்டு அக்குறணைக்குப் போனான். ஹபீலின் கடையில் பழைய கீபோர்ட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்தான்.

"நேத்து ராத்திரி திரும்ப ஓட்டிப் பார்த்து, இறங்குற பட்டனை அமத்தினேன் ஹபீல். ஒண்ணும் நடக்கல. திரும்ப அமத்தினேன். நின்னுபோச்சு."

"அங்கதான் நானா பிழ. அது இப்ப செய்யிற பட்டன் இல்ல. காத்துக்கிட்டு இருக்கிற பட்டன். ஓடுபாதைலேருந்து ஒரு கதிர் வருது. நீங்க அமத்தினா, 'சரி, அது வந்தா புடிச்சிக்கிறன்'னு செல்லும். வெள்ள எழுத்துல ஈக்கும். கதிர் வந்து சேர்ந்தா பச்சையாகும். அது வரைக்கும் தொடாம ஈக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது வர்ற வரைக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். ஒரு பொருளை, இன்னும் வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும்படி செய்யலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

செவ்வாய்க்கிழமை போயா, பௌர்ணமி. விடுமுறை. வெளியே நல்ல மழை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஏறினார்கள். வடிவம்மா கைப்பையோடு, ஜெஸீமா உம்மா மஸ்கட்டோடு, ஹபீல் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம்.

"இதுதான் கடைசி," என்றாள் வடிவம்மா. "இன்னிக்கு ஒழுங்கா எறக்கினா நான் போறேன். இல்லைன்னா பேச்சில்ல."

மோகனராஜ் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான். திசை. உயரம். வேகம். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, மறுபடி பார்த்தான். விமானம் எழுந்தது. மேகத்துக்குள் போனது. திரை முழுக்க வெள்ளை. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. சுக்கான் மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல அசைந்தது.

பிறகு மேகம் முடிந்தது.

மேலே வெயில் இருந்தது. முழு வெயில். கீழே வெள்ளை வெளி, அடிவானம் வரை. இத்தனை மழைக்கும் மேலே இது எப்போதும் இருந்திருக்கிறது. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். செய்வதற்கு எதுவும் இல்லை. உயரம் முப்பத்தையாயிரம். ஒரு அடி கூடவில்லை, குறையவில்லை. காற்று தள்ளியது. விமானம் கோணலாகத் திரும்பி நேராகப் போனது. சுக்கான் அசைந்தது. அவன் அதையே பார்த்தான். கஜலட்சுமியிடம் இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தான். பதினொரு மாதத்தில் முதல்தடவையாக அவளை அப்படி, சாதாரணமாக, பக்கத்து அறையில் இருப்பவளைப்போல நினைத்தான்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

இயந்திரத்தில் கோளாறோ என்று பதறி எல்லாக் காட்டிகளையும் பார்த்தான். ஹபீல் உதட்டில் விரல் வைத்துக் கதிரையைக் காட்டினான். வடிவம்மா கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி, தலையை ஜெஸீமா உம்மாவின் தோளில் சாய்த்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஜெஸீமா உம்மா அசையாமல் இருந்தார். அந்தத் தோளுக்கு அது பழகிய பாரம்போல இருந்தது.

"எழுப்பவா?" என்றான் மெல்ல.

"வாணாம் மகன். உடுங்க."

இம்முறை உயரத்தை நேரத்தோடு குறைத்தான். இறங்கியது. மறுபடி மேகம். காத்திருக்கிற பட்டனை அமத்தினான். வெள்ளை எழுத்து வந்தது. கையை எடுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

விரல் அரித்தது. தொடவில்லை. கண்ணாடியில் மழை. வெளியிலும் மழை. ஹபீல் கதவைவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

எழுத்து பச்சையானது.

விமானம் யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் தலையைத் திருப்பியது. ஓடுபாதையின் நேருக்கு வந்தது. தாழ்ந்தது. இன்னும் மேகம். இன்னும் எதுவும் தெரியவில்லை. ஐந்நூறு அடி. முந்நூறு. இருநூறு அடியில் வெள்ளை கிழிந்தது. சரியாக நடுவில், இரண்டு வரிசை விளக்குகள்.

வேகக் கைப்பிடிகள் தானாகப் பின்னால் வந்தன. மூக்கு கொஞ்சம் உயர்ந்தது. சக்கரம் தொட்டது.

"அல்லாஹ்," என்றான் ஹபீல், மிக மெதுவாக.

மோகனராஜின் கன்னம் நனைந்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை. புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பினான்.

"அத்தை. அத்தை! எறங்கிட்டோம். சென்னை."

வடிவம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "உட்காருங்க தம்பி. கதவு தெறக்க நேரமெடுக்கும். எல்லாரும் முந்தியடிப்பாங்க. நாம கடைசியா எறங்குவோம்."

பிறகுதான் கண்ணைத் திறந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். "நான் போறேன்."

சனிக்கிழமை காலை வேனில் கட்டுநாயக்கவுக்குப் போனார்கள். துபாயில் எப்படி மாறி ஏறுவது என்று ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் கொடுத்திருந்தான். அதை அவள் வாசிக்காமலே மடித்துக் கைப்பையில் வைத்தாள். பயத்தில் எழுத்துக்கூடத் தெரியவில்லை போலும் என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

வாசலில் தள்ளுவண்டியை அவளே எடுத்தாள். பெட்டிக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். ஒரு தடவை திரும்பினாள்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க தம்பி."

"ம்" என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். "சாப்பிடுறேன் அத்தை. துபாயில எறங்கினதும் மெசேஜ் போடுங்க. குலுங்கினா பயப்படாதீங்க, அது வெறும் காத்து. ஜன்னல் சீட் கேளுங்க. மேகத்துக்கு மேல போனதும் வெளிய பாருங்க, கட்டாயம் பாருங்க..." காவலாளி அவளை உள்ளே விட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பினான். ஜெஸீமா உம்மா சோற்றுத் தட்டோடு படியேறி வந்தார். அவன் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே வேன் போன பாதையிலிருந்து வானத்தில் இந்நேரம் எங்கே இருப்பாள் என்பது வரை எல்லாம் சொன்னான். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு துபாய் ஓடுபாதையின் நீளத்தைச் சொன்னான்.

"இந்த வருஷமே நீங்க இவ்வளவு பேசி நான் கேக்கல்ல மகன்," என்றார் ஜெஸீமா உம்மா.

"அத்தையை நினைச்சாத்தான் உம்மா ஒரு மாதிரி இருக்கு. வத்தேகமயைத் தாண்டாதவங்க. முதல் தடவை பிளேன் ஏறுறாங்க. எவ்வளவு பயந்துபோய் இருக்காங்களோ."

ஜெஸீமா உம்மா முந்தானையை வாயில் பொத்தினார். இந்தத் தடவை அது தும்மல் இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"அந்தத் தையல் மெஷின் கதையெல்லாம் கலியாணப் பேச்சுக்குச் சென்னது மகன், குவைத்துக்கு வீட்டு வேலைக்கு நானும் அவவும் பதினொரு தரம் ஒண்டாப் பறந்து போய் வந்திருக்கம், பயத்துல அழுறது நான், என்ட தோள்ல குறட்ட உட்டு நித்திர கொள்றது அவ."